ரிவால்வரில் ‘டப்’ சத்தமா? அடுத்த ட்ரிகரை இழுக்காதீர்கள்

[திரை: திறந்த சிலிண்டர், ஆறு அறைகளும் காலி]

குரல்: வணக்கம். ரிவால்வருக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, மறுபடி ட்ரிகரை இழுத்தால் போதும், அடுத்தது தயாராக வந்து நிற்கும். கையால் நிரப்பிய தோட்டாவைப் போட்டுச் சுடுகிறவருக்கு இதே பெருமைதான் முதல் ஆபத்து.

மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோக உறைதான் கூடு. ஒரு கூட்டில் வெடிமருந்து விழாமல் விட்டுப்போனது என்று வையுங்கள். மருந்தைப் பற்றவைக்கக் கூட்டின் அடியில் இருக்கும் பிரைமர் மட்டும் வெடிக்கும். அந்த விசையே குண்டைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலுக்குள் சொருகிவிடும். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில், ஸ்லைடைத் தள்ள விசை போதாமல் இயக்கம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ரிவால்வரில் சிலிண்டரைச் சுற்றுவதே உங்கள் விரல்தான். குழல் அடைத்திருந்தாலும் சுற்றும். அடுத்த குண்டு முந்தைய குண்டின் முதுகில் மோதும்.

[திரை: குறுக்கே வெட்டிய குழல். நடுவில் வளையம்போல் வீக்கம்]

வீங்கியதோடு போனால் பரவாயில்லை. பிளக்கவும் செய்யும். சில நேரம் குண்டு பாதி சிலிண்டரிலும் பாதி குழலிலுமாக நின்று, சிலிண்டரே சுற்றாமல் பூட்டிக்கொள்ளும். எரிச்சலாக இருக்கும், ஆனால் அது உங்கள் நல்ல நேரம்.

சத்தம் மந்தமாக, பின்னுதைப்பு லேசாக இருந்ததா? விரலை வெளியே எடுங்கள். குழல் வாய் இலக்குப் பக்கமே இருக்கட்டும். 30 வினாடி பொறுத்து, சிலிண்டரைத் திறந்து எல்லாத் தோட்டாவையும் வெளியே எடுத்த பிறகு, குழலுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். சிக்கிய குண்டை இன்னொரு தோட்டாவால் சுட்டு வெளியேற்ற ஒருபோதும் நினைக்காதீர்கள். தட்டி எடுக்கப் பழக்கமில்லை என்றால் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

‘க்ளிக்’ மட்டும் கேட்டு வெடிக்காமல் போனாலும் அதே 30 வினாடி. மருந்து தாமதமாகப் பற்றலாம். அதற்குள் ட்ரிகரை மறுபடி இழுத்தால் அந்தத் தோட்டா குழலுக்கு நேரே இருக்காது, பக்கத்துக்கு நகர்ந்திருக்கும். அங்கே வெடித்தால் குண்டு போக வழியே இல்லை.

[திரை: விளக்கொளியில் தட்டு நிறையக் கூடுகள், மேலிருந்து]

எதிர்ப்பக்கத் தவறு இரட்டை மருந்து. .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரும்மருந்துக்கு அளவெடுத்த கூடு. இன்றைய புகையற்ற மருந்து அதில் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது. அமெரிக்கத் தொழில் தரநிலையில் இதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; அதைவிட நீளமான, வலுவான .357 மேக்னத்துக்கு 35,000. குண்டை அழுத்தும் முன் ஒவ்வொரு கூட்டிலும் வெளிச்சம் அடித்து மருந்து மட்டத்தைக் கண்ணால் பாருங்கள். முடித்த தோட்டாவை எடைபோட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம். கூட்டுக்குக் கூடு இருக்கும் எடை வித்தியாசமே மருந்தின் வித்தியாசத்தை மறைத்துவிடும். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும்.

ரிவால்வருக்கே உரிய இன்னொரு தொல்லை, குண்டு முன்னால் நகர்வது. பின்னுதைப்பில் துப்பாக்கியும் கூடும் பின்னே பாயும், குண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கூட்டின் வாயை இறுக்கி மடக்காவிட்டால் குண்டு மெல்ல வெளியே வந்து, சிலிண்டரின் முகப்பைத் தாண்டித் துருத்திச் சுழற்சியைத் தடுக்கும். கடைசித் தோட்டாவைச் சுடாமல் எடுத்து, அதன் நீளத்தை முன்பிருந்ததோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். பிரைமர் சற்றே மேலே நின்றாலும் சிலிண்டர் உரசும். அடிப்பகுதியில் விரலை ஓட்டிப் பாருங்கள்.

[திரை: சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒளிக்கீற்று]

இந்த இடைவெளி சுமார் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். சூடான வாயுவும் ஈயத் துகளும் இங்கிருந்து பக்கவாட்டில் பீறிடும். முன்கைவிரல்கள் இதற்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இனி சுத்தம் செய்வது. காலிக் கூடுகளைக் குழல் வாய் மேல்நோக்கி இருக்கத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் எரியாத மருந்துத் துகள் எஜெக்டர் நட்சத்திரத்தின் (கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு) அடியில் சேர்ந்து சிலிண்டரை இறுக்கும். கூடுகள் வெளியே வர அடம்பிடித்தால் அழுத்தம் அதிகம் என்று சந்தேகப்பட்டு அன்றைய சுடுதலை நிறுத்துங்கள். அந்தத் தொகுதி முழுவதையும் பிரித்துவிடலாம். .357 துப்பாக்கியில் .38 சுட்டால் அறைக்குள் கரி வளையம் படியும். நீளமான மேக்னம் கூடு அதில் முட்டும். பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் மேக்னம் போட வேண்டும்.

சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடாதீர்கள், சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும். கடைசியாக, அந்த நட்சத்திரத்தைத் தள்ளும் எஜெக்டர் கம்பியையும் விரலால் திருகிப் பாருங்கள். அது தளர்ந்தால் சிலிண்டர் திறக்கவே மறுக்கும், அதுவும் உள்ளே தோட்டா இருக்கும்போது.