ஊர் கூடி இழுத்த தேர்: பில்சென் நகரத்துப் பீர் ஆலை

(கூட்டுறவு வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் இணைப்பதிவாளர் அவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் நெசவாளர், பால் உற்பத்தியாளர் சங்கங்களின் தலைவர்களே, என்னை அன்போடு வரவேற்றுச் சால்வை அணிவித்த வரவேற்புக் குழுவினரே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டும் இதே மேடையில் பேச வாய்ப்பளித்த தலைவர் அவர்களின் பெருந்தன்மையை நான் மறக்கவில்லை.

செக் நாட்டுப் பில்சென் நகரத்தின் பீர் ஆலையைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல விரும்புகிறேன்: ஆலை எழுந்த கதை, அங்கு வடிக்கும் பீர், அதன் பெயர். குடியைப் போற்ற நான் வரவில்லை. நான் குடிப்பவனும் அல்லன். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னதை அந்த ஊர் மக்கள் செய்து காட்டினார்கள் என்பதற்காகவே பேசுகிறேன்.

1295ஆம் ஆண்டு மன்னன் இரண்டாம் வென்செஸ்லாஸ் பில்சென் நகரத்தை நிறுவியபோது, பீர் வடிக்கும் உரிமையை 260 குடிமக்களுக்கு வழங்கினான் என்பது அவ்வூர் வரலாறு. அவ்வுரிமை வீட்டோடு ஒட்டியது. வீடு கைமாறினால் உரிமையும் உடன் சென்றது. அவரவர் தம் வசதிக்கேற்ப வடித்ததால் ஒருவர் பீர் நன்றாகவும், மற்றவர் பீர் புளித்தும் போயின.

1838ஆம் ஆண்டில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நகர மன்றத்தின் முன்னால் 36 பீப்பாய்கள் உருட்டிக்கொண்டு வரப்பட்டன. உள்ளே இருந்த பீர் குடிக்கத் தகாதது என்று அறிவிக்கப்பட்டு, ஊரார் கண்ணெதிரே கல் பாவிய தரையில் கொட்டப்பட்டது. ஒரு பீப்பாயில் எத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, காய்ச்சி, வாரக்கணக்கில் காத்திருந்து பெற்ற பொருள் அது. கெட்ட சரக்கைக் கலந்து விற்க அவர்களுக்கு வழி இல்லாமலா இருந்தது? விற்றிருந்தால் அந்த மாதம் பிழைத்திருக்கும். ஊரின் பெயர் பிழைத்திருக்காது. அடுத்த ஆண்டே உரிமை பெற்ற வீட்டார் ஒன்றுகூடி, தனித்தனி அடுப்புகளை விட்டு, அனைவருக்கும் பொதுவாக ஒரே ஆலை கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். தேர் அன்றுதான் நிலையிலிருந்து நகர்ந்தது.

கட்டட வல்லுநர் மார்ட்டின் ஷ்டெல்சர் ஆலையை எழுப்பினார். இன்றைய ஜெர்மனியிலுள்ள பவேரியாவின் வில்ஸ்ஹோஃபெனிலிருந்து ஜோசப் குரோல் என்னும் 29 வயது வடிப்பாளர் வரவழைக்கப்பட்டார். பதமாக உலர்த்திய வெளிறிய மால்ட் என்னும் முளைகட்டிய பார்லி, கசப்பும் மணமும் தரும் ஷாட்டெட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸ் பூக்கள், குளிரில் அடியில் தங்கி மெல்ல நொதிக்கும் ஈஸ்ட், பில்செனின் மென்மையான நீர் ஆகியவற்றைக் கொண்டு, 1842 அக்டோபர் 5 அன்று அவர் முதல் பீரை வடித்தார். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளில் அது ஊராருக்கு ஊற்றப்பட்டது. கருத்துக் கலங்கிய பீரையே கண்டு பழகியவர்கள், பொன்னிறமாய்த் தெளிந்து, மேலே வெண்ணுரை கட்டிய பீரை அன்று கையில் ஏந்தினார்கள்.

அந்த ஆலையின் நிலவறைகளுக்குள் நான் நடந்திருக்கிறேன். மணற்கல்லைக் குடைந்த அந்தச் சுரங்க வழிகள் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீள்கின்றன. குளிரில் மூச்சு ஆவியாகத் தெரிந்தது. கல் சுவரில் ஈரம் கசிய, வரிசையாகக் கிடந்த ஓக் மரப் பீப்பாய்களில் ஒன்றின் குழாயைத் திருகி, வடிகட்டாத பீரை ஒரு முதியவர் பிடித்தார். ஆலைக்கென்று பீப்பாய்த் தச்சர்கள் இன்றும் இருக்கிறார்கள். பலகைகளை வளைத்து இரும்புப் பட்டை அடித்து, உட்புறம் கீல் பூசுகிறார்கள். எஃகுத் தொட்டிகள் வந்த பிறகும் ஒரு பகுதியைப் பழைய முறையில் மரத்திலேயே நொதிக்கவைத்து, இரண்டின் சுவையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தன் சரக்கைத் தானே சோதிக்கும் இந்த நேர்மை என் நெஞ்சில் நிற்கிறது.

இனி நான் முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பில்சென் மக்கள் தங்கள் பீரின் பெயரை 1859இல்தான் பதிவு செய்தார்கள். அதற்குள் பல ஊர்களில் அதே பாணி பரவிவிட்டது. 'மூல ஊற்று' என்று பொருள்படும் 'உர்க்வெல்' என்ற ஜெர்மன் சொல்லைச் சேர்த்து, 'பில்ஸ்னர் உர்க்வெல்' என்று 1898இல் மீண்டும் பதிந்தும், 'பில்ஸ்னர்' என்ற பெயரை உலகம் பொதுச்சொல்லாகவே எடுத்துக்கொண்டது. ஆலையும் ஊராரின் கையில் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசுடைமையாயிற்று. 1999இல் தென்னாப்பிரிக்க நிறுவனத்திடமும், 2017இல் ஜப்பானின் அசாஹி நிறுவனத்திடமும் சென்றது. ஊர் கூடி இழுத்த தேரின் வடம் இன்று வேறு கைகளில் இருக்கிறது.

ஆகவே சங்கத் தலைவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சங்கத்தின் பொருளுக்கு ஊரின் பெயர் இருக்குமானால், அதை இந்த ஆண்டே சங்கத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள். உறுப்பினர் பங்குகளை வெளியாருக்கு மாற்றப் பொதுப்பேரவையின் ஒப்புதல் வேண்டும் என்று துணைவிதிகளில் எழுதுங்கள். இவ்விரண்டையும் தீர்மானமாக எழுதித் தலைவர் அவர்களிடம் அளித்திருக்கிறேன். பிற்பகல் அமர்வில் அவர் அதை வாசிக்க இசைந்திருக்கிறார்.