சுழற்பந்தை ஆட எங்கே கற்றுக்கொள்வது?

அனைவருக்கும் வணக்கம்.

இந்திய கிரிக்கெட்டை எது பின்னால் இழுக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்ன குறை இருக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். 2024இல் டி20 உலகக் கோப்பை, 2025இல் சாம்பியன்ஸ் டிராபி, அதே ஆண்டு நவம்பரில் ஹர்மன்பிரீத் கவுரின் அணி வென்ற மகளிர் உலகக் கோப்பை. எல்லாவற்றையும் கண் நிறையப் பார்த்தவன் நான். இன்று பேச வந்தது ஐந்து நாள் ஆட்டத்தைப் பற்றி. அதிலும் ஒரே ஒரு வலியைப் பற்றி. நம் ஊர் பிட்ச்சில், சுழற்பந்துக்கு எதிராக, நம் மட்டையாளர்கள் தடுமாறுகிறார்கள்.

2024 அக்டோபரில் நியூசிலாந்து வந்தபோது, நாம் சொந்த மண்ணில் தொடர்ந்து 18 டெஸ்ட் தொடர்களை வென்றிருந்தோம். பெங்களூரில் 46 ரன்னுக்குச் சுருண்டதை விட்டுவிடுங்கள். அது வேகப்பந்து செய்த வேலை. புனேயைப் பாருங்கள். அவர்களின் ஸ்பின்னர் மிட்செல் சாண்ட்னர் 13 விக்கெட் எடுத்தார். அதற்கு முன் டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்கூட எடுத்திராதவர் அவர். மும்பையில் இன்னொரு ஸ்பின்னர் அஜாஸ் படேலுக்கு 11 விக்கெட். 147 அடித்தால் வெற்றி என்ற நிலையில் 121க்கு ஆல் அவுட் ஆனோம். தொடர் 3-0 என்று போனது.

ஏதோ ஒருமுறை சறுக்கிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். அடுத்த ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்கா வந்தது. கொல்கத்தாவில் 124 தேவைப்பட்டது, 93 எடுத்தோம். சைமன் ஹார்மர் என்ற ஆஃப் ஸ்பின்னர் அந்த ஆட்டத்தில் 8 விக்கெட் எடுத்தார்.

பிட்ச் மோசம் என்றார்கள். மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பிட்ச்சில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் டெம்பா பவுமா 55 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நின்றார். அந்த ஆட்டத்தில் அரைசதம் கண்டவர் அவர் ஒருவர்தான். கட்டை போட வேண்டிய பந்துக்கு, அதாவது அடிக்காமல் தடுத்து ஆட வேண்டிய பந்துக்கு, கட்டை போட்டார், தட்டிவிட்டு ஓட வேண்டிய பந்துக்கு ஓடினார்.

'கட்டை போடுகிறான்' என்பதை நாம் ஏளனமாகச் சொல்லியே பழகிவிட்டோம். 2017இல் ராஞ்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக புஜாரா 525 பந்துகளைச் சந்தித்து 202 ரன் எடுத்தார். பந்து கையை விட்டு வரும்போதே அது எங்கே விழும் என்று கணித்து, முன்னே போவதா பின்னே போவதா என்று 525 தடவை சரியாக முடிவெடுப்பது சாதாரண வேலையா?

இன்னொரு கதை சொல்கிறேன். 1998இல் ஆஸ்திரேலியாவின் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன் இந்தியாவுக்கு வந்தார். வலது கை மட்டையாளரின் கால் பக்கம், பந்துவீச்சாளர்களின் காலடி பட்டு மண் பெயர்ந்த இடத்தில் அவர் பந்தைப் போடுவார் என்று சச்சினுக்குத் தெரியும். தொடருக்கு முன்பே நம் முன்னாள் ஸ்பின்னர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை அழைத்து, அந்த இடத்திலேயே போடச் சொல்லி, சலிக்கச் சலிக்க ஆடிப் பழகினார். சேப்பாக்கத்தில் முதல் இன்னிங்ஸில் 4 ரன்னில் வார்ன் அவரை வீழ்த்தினார். இரண்டாவது இன்னிங்ஸில் சச்சின் 155, அவுட் இல்லை. சச்சினே வீட்டுப்பாடம் செய்துதான் சுழலை ஆடினார். இன்று நம் பையன்கள் அந்தப் பாடத்தை எங்கே படிப்பார்கள்?

நியாயமாக, மாநில அணிகள் பல நாள் ஆட்டங்களில் மோதும் ரஞ்சிக் கோப்பையில் படிக்க வேண்டும். ஆனால் 2024-25 பருவத்திலிருந்து ரஞ்சியை இரண்டாக வெட்டிவிட்டார்கள். ஐந்து லீக் ஆட்டம் முடிந்ததும் நிறுத்தி, நடுவில் டி20யும் ஒருநாள் போட்டியும் நடத்தி, மறுபடி ஜனவரியில் தொடங்குகிறார்கள். நவம்பரில் பொறுமையாக ஆடக் கற்றுக்கொண்ட பையன், டிசம்பரில் இருபது ஓவர் ஆடி அதை மறந்துவிட்டுத் திரும்ப வருகிறான். வட இந்தியக் குளிரையும் பனிமூட்டத்தையும் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு; காரணம் புரிகிறது. என்றாலும் ஏழு லீக் ஆட்டத்தை இப்படி உடைப்பதற்குப் பதில், அந்த மாதங்களில் தெற்கிலும் மேற்கிலும் நடத்தலாமே.

பெரிய வீரர்களும் வருவதில்லை. விராட் கோலி 2012க்குப் பிறகு ரஞ்சி ஆடியது 2025 ஜனவரியில்தான். அவர் எடுத்தது 6 ரன். ஆனால் டெல்லி மைதானத்தில் கூடிய கூட்டத்தைப் பார்த்தீர்களா? ரஞ்சியை யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற பேச்சை அந்தக் கூட்டம் பொய்யாக்கியது. எதிரணியில் இருந்த இளம் பந்துவீச்சாளருக்கு, கோலிக்குப் பந்து போடுவதைவிடப் பெரிய பயிற்சி ஏது?

அப்புறம் பணம். இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2021இல் உயர்த்திய கணக்குப்படி, 40 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய மூத்த வீரருக்கே ரஞ்சியில் ஒரு நாளைக்கு 60,000 ரூபாய். நான்கு நாள் வெயிலில் நின்றால் 2 லட்சத்து 40 ஆயிரம். ஐபிஎல்லில், ஏலத் தொகை போக, ஓர் ஆட்டத்துக்கு மட்டும் 7.5 லட்சம் என்று 2024இல் அறிவித்தார்கள். வீரர்களுக்குக் கிடைக்கும் காசில் ஒரு பைசாவும் குறையக் கூடாது என்பதுதான் என் எண்ணம். ஆனால் பதினான்கு வயதுப் பையனைப் பயிற்சிக்கு அழைத்துப்போகும் தகப்பன் இந்த இரண்டு தொகையையும் பார்க்கிறார். சிக்ஸர் அடிக்கக் கற்றுக்கொடுங்கள் சார் என்கிறார். அவரை எப்படிக் குறை சொல்வது? ஐபிஎல்லின் ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. அதில் ஒரு துளி போதும், ரஞ்சி சம்பளத்தை மும்மடங்காக்க.

நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநில அணிகளுக்கான முஷ்டாக் அலி டி20 கோப்பையை 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து வென்றோம். ரஞ்சியைக் கடைசியாக வென்றது 1987-88இல். வெங்கட்ராகவனும் அஸ்வினும் பிறந்த மண்ணுக்கு இந்த இடைவெளி அடுக்காது.

பிட்ச் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. முதல் நாளே தூசி பறக்கும் பிட்ச் நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் வேட்டு. அஸ்வின் 537 விக்கெட் எடுத்தது மூளையாலும் பொறுமையாலும். பந்து தானாகவே கன்னாபின்னாவென்று திரும்பினால், அந்த மூளைக்கு வேலை இல்லை. சாதாரண ஸ்பின்னரும் அவருக்குச் சமமாகிவிடுகிறார். முதல் இரண்டு நாள் மட்டைக்கும், மூன்றாம் நாளிலிருந்து சுழலுக்கும் உதவும் பிட்ச் போதும். ரஞ்சியிலும் அதேபோல் வேண்டும்.

மாநில சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வுபெற்ற ஸ்பின்னர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்து, பதினாறு வயதுக்குட்பட்ட பையன்களின் வலைப்பயிற்சிக்கு அனுப்புங்கள். பந்தெறியும் இயந்திரத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அது விரலைச் சுழற்றுவதில்லை, மட்டையாளரின் முகத்தைப் பார்த்துத் திட்டம் மாற்றுவதும் இல்லை.

உங்களுக்கும் ஒன்று. அடுத்த ரஞ்சி ஆட்டம் சேப்பாக்கத்தில் நடக்கும்போது, வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால் இருக்கிற இருக்கையில் உட்காருங்கள். மூன்றாம் நாள் மதியம், பழைய பந்து, ஒரு ஸ்பின்னர், சுற்றிலும் நான்கு பீல்டர்கள், நடுவில் ஒரு மட்டையாளர். ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்க்க விடுங்கள்.

நன்றி.