மழலையர் கல்வியின் பலன் சில ஆண்டுகளில் மறைந்துவிடுகிறதா?

மூன்று வயதிலேயே மழலையர் பள்ளியில் சேர்த்த தம் மகளும், நேராக ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அவளுடைய தோழியும் இப்போது மூன்றாம் வகுப்பில் ஒரே மாதிரிதான் படிக்கிறார்கள், அப்படியானால் அந்த இரண்டு ஆண்டுகளும் வீண்தானா, இளைய மகனையும் சேர்க்க வேண்டுமா என்று ஒரு தாயார் கேட்டிருக்கிறார். அம்மா, நீங்கள் கவனித்தது உண்மை. ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகளாக இதைக் கண்டு வருகிறார்கள். வீண் என்ற முடிவைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி என்ற ஊரில், 1962இல் பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு தொடங்கியது. வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளில் 58 பேருக்கு மட்டும் இக்கல்வி கிடைத்தது: காலையில் இரண்டரை மணி நேர வகுப்பு, அத்துடன் வாரம் ஒருமுறை ஆசிரியரே வீட்டுக்கு வந்து தாயோடும் பிள்ளையோடும் அமர்வார். தொடக்கத்தில் அவர்களுடைய நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) நன்றாக உயர்ந்தது. சில ஆண்டுகளிலேயே மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆய்வு அத்துடன் நின்றிருந்தால் நாமும் வீண் என்றே சொல்லியிருப்போம். ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது, பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் இக்கல்வி பெற்றவர்களில் 77 விழுக்காடு, பெறாதவர்களில் 60 விழுக்காடு. வருமானத்திலும் இக்கல்வி பெற்றவர்களே மேலாக இருந்தார்கள்.

மதிப்பெண்ணில் தெரியாத ஏதோ ஒன்று தங்கியிருக்கிறது என்றுதானே இதற்குப் பொருள்? எழுத்தும் எண்ணும் எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வந்ததும் கற்றுக்கொள்பவை. அதில் முந்தியவரை மற்றவர் எட்டிப்பிடிப்பது இயல்பு. அந்தப் பெர்ரி வகுப்பில் குழந்தை தான் செய்யப்போவதை முதலில் வாய்விட்டுச் சொல்லும், பிறகு செய்யும், முடிந்ததும் நடந்ததை விவரிக்கும். பாலம் கட்டப்போவதாகச் சொன்ன பிள்ளையின் கட்டைகள் சரிந்தால், "ஏன் விழுந்தது? இப்போது எதை மாற்றப்போகிறாய்?" என்று ஆசிரியர் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். திட்டத்தை நினைவில் வைத்திருத்தல், அவசரத்தை அடக்குதல், வழியை மாற்றிப் பார்த்தல் ஆகிய மூன்றுக்கும் அங்கே பயிற்சி கிடைக்கிறது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மனும், நீடித்த பலனுக்குக் காரணம் நுண்ணறிவு ஈவைவிட இத்தகைய பண்புகளே என்று கருதுகிறார்.

எல்லா மழலையர் பள்ளிகளும் இதைத் தருவதில்லை என்பதையும் நான் மறைக்கக் கூடாது. டென்னசி மாநில அரசின் திட்டத்தில் சேர்ந்த குழந்தைகள், ஆறாம் வகுப்பில், இடம் கிடைக்காத குழந்தைகளைவிடக் குறைவான மதிப்பெண்களே பெற்றார்கள் என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. பாஸ்டன் நகரிலோ, குலுக்கலில் இடம் பெற்ற குழந்தைகளுக்குத் தேர்வு மதிப்பெண்ணில் வேறுபாடு தெரியாவிட்டாலும், பின்னாளில் கல்லூரிக்குச் சென்றவர்கள் அவர்களில்தான் அதிகம்.

ஆகவே இளைய மகனைச் சேர்ப்பதற்கு முன் அந்த வகுப்பில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். ஆசிரியர் வாயிலிருந்து வருபவை பெரும்பாலும் கட்டளைகளா, கேள்விகளா என்று கவனியுங்கள். குழந்தை பதில் சொன்ன பிறகு பேச்சு தொடர்கிறதா, "சரி, அடுத்தது" என்று முடிந்துவிடுகிறதா என்றும் பாருங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து எழுத்துகளைப் பார்த்து எழுதுவதே அங்கு வேலையாக இருந்தால், வேறு பள்ளி தேடுவதே நல்லது.