தேடுற நேரத்த மிச்சம் பிடிக்க 21 அரசாங்கம் சேர்ந்த கதை

வணக்கம் மக்களே. ஒரு ஒர்க்‌ஷாப். பதினாலாம் நம்பர் ஸ்பானர் எங்கன்னு ஒருத்தர் தேடிட்டு இருக்காரு, லேத் சும்மா நிக்குது, ரெண்டு பேரு அவரையே பாத்துட்டு நிக்கிறாங்க. பத்து நிமிஷம் போச்சு. அதே செவுத்துல போர்டு மாட்டி ஒவ்வொரு டூலோட உருவத்தையும் பெயின்ட்ல வரைஞ்சு வெச்சா எது இடத்துல இல்லன்னு தூரத்துல இருந்தே தெரிஞ்சிடும். புது மெஷின் வாங்கல, யாரையும் கூடுதல் நேரம் நிக்க வைக்கல, ஆனா வேலை ஓடுது. உற்பத்தித்திறன்னா இதாங்க. வேலை பாக்குற இடத்த ஒழுங்கா, சுத்தமா வெச்சுக்கிறதுக்கு ஜப்பான்ல இருந்து பரவின 5எஸ் முறையில இது ஒரு சின்ன துண்டு.

(திரையில்: ஆசிய மேப்)

இந்த மாதிரி அறிவ பக்கத்து நாட்டுக்குக் கொடுத்தா நம்மகிட்ட குறையாது இல்லையா, அதனால அரசாங்கங்களே சேர்ந்து 1961ல ஆசிய உற்பத்தித்திறன் அமைப்ப, அதாவது ஏபிஓவ ஆரம்பிச்சாங்க. தலைமையகம் டோக்கியோ. தொடங்குனது 8 பேரு: ஜப்பான், இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், தென்கொரியா, தைவான். இலங்கை 1966ல வந்துச்சு, 2020ல துருக்கி சேர்ந்தப்போ 21 ஆச்சு. இந்தியாவும் பாகிஸ்தானும் 1965லயும் 1971லயும் போரே நடத்தியும் ரெண்டும் இன்னைக்கு வரைக்கும் இதுல இருக்கு, எனக்கு இதுவே பெரிய விஷயமா படுது.

சரி, உற்பத்தித்திறன் கூடினா ஆள குறைச்சிடுவாங்களேன்னு ஒரு பயம் வரும், நியாயமான பயம்தான். ஜப்பான்ல 1955ல உற்பத்தித்திறன் மையம் தொடங்குனப்பவே இதப் பேசியாச்சு. வேலைவாய்ப்பக் காப்பாத்தி பெருக்கணும், தொழிலாளியும் நிர்வாகமும் கலந்து பேசணும், கிடைச்ச பலன நியாயமா பங்கு போடணும்னு மூணு கொள்கை வெச்சாங்க. டெக்னிக்க மட்டும் எடுத்துட்டு இந்த மூணையும் விட்டுட்டா தொழிலாளி எதுக்குங்க ஒத்துழைக்கணும்?

நடைமுறை சிம்பிள். உறுப்பு நாடுகள் தேசிய வருமானத்துக்கு ஏத்த மாதிரி சந்தா கட்டுது. ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு தேசிய அமைப்பு இருக்கும், இந்தியாவுல 1958ல வந்த தேசிய உற்பத்தித்திறன் கவுன்சில். அவங்க பரிந்துரை பண்ற ஆளு வேற நாட்டுக்குப் போய் ஃபேக்டரிய நேர்ல பாத்து, பயிற்சி எடுத்துட்டு வந்து இங்க சொல்லித்தருவாரு. சிறு தொழில், விவசாயம், அரசு ஆபீஸ்னு எல்லாத்துக்கும் பயிற்சி உண்டு. நீங்க போகணும்னாலும் நேரா டோக்கியோவுக்கு எழுத வேண்டாம், உங்க நாட்டு தேசிய அமைப்பு மூலமாத்தான் விண்ணப்பிக்கணும்.