கீசர் வெளியே, குளியல் உள்ளே

வணக்கம் நேயர்களே.

மார்கழி பிறந்தால் கேஸ் கீசருக்குத் தேவை வந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கேட்கவே வேண்டாம். குழாயைத் திறந்தால் அரை நிமிடத்தில் சுடுதண்ணீர். அதை எங்கே மாட்டுவது, மாட்டியவரிடமிருந்து எப்படிச் சோதித்து வாங்கிக்கொள்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி குளியலறைக்கு வெளியே. சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே.

ஏன் என்று கேட்பீர்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் சாதாரண கீசர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ் பிடிக்கும். அடுப்பின் பெரிய பர்னர் ஐந்தாறை ஒன்றாக எரிப்பதுபோல. ஒரு கிலோ கேஸ் எரிய 12 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். உங்கள் குளியலறை ஐந்தடிக்கு ஆறடி, எட்டடி உயரம் என்றால் உள்ளே இருப்பதே 7 கன மீட்டருக்குள்தான். கதவைச் சாத்திப் பத்து நிமிடம் குளித்தால் அதில் 2 கன மீட்டர் போய்விடும். மீதியிருக்கும் காற்றில் பிராணவாயு குறையக் குறைய, எரிந்த புகையையே நெருப்பு திரும்ப இழுக்கும். அப்போது பிறப்பதுதான் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு.

"வெண்டிலேட்டர் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, ஐயா. ஆனால் அது எப்போது திறந்திருக்கும்? சித்திரையில். மார்கழியில் என்ன செய்கிறோம்? குளிர்காற்று அடிக்கிறதென்று லூவர் கண்ணாடி இடுக்கில் பழைய காலண்டர் அட்டையைச் செருகுகிறோம். அதுவும் போதாதென்று அரிசிச் சாக்கு. கீசர் அதிகம் எரியும் மாதமும் வெண்டிலேட்டர் அடைபடும் மாதமும் ஒன்றேதான். எக்ஸாஸ்ட் ஃபேன் கதையும் இதேதான். குளிருகிறதென்று முதலில் அணைப்பது அதைத்தான். அதனால்தான் காற்றோட்டத்தை நம்பி உள்ளே மாட்டாதீர்கள் என்கிறேன். பெட்டி வெளியே இருந்தால் அட்டையைச் செருகினாலும் பரவாயில்லை.

இன்னொரு நம்பிக்கை: "வாசனையே வரவில்லையே." சிலிண்டர் கேஸின் நாற்றம், கசிவு தெரிவதற்காகவே கலக்கும் மெர்காப்டன். கேஸோடு அதுவும் எரிந்துவிடும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு கால் துவளும். தாழ்ப்பாள் வரை போக முடியாது. அப்படி யாராவது விழுந்தால் கதவை உடைத்து முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், கேஸை மூடுங்கள், 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் "கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்த விஷத்தைப் பிராணவாயு என்றே எண்ணி நல்ல கணக்குக் காட்டும்.

சரி, வெளியே என்றால் எங்கே? மழையும் நேர்க்காற்றும் படாத, ஆனால் திறந்த சுவர். மூடிய அலமாரிக்குள் வேண்டாம். மேலே பரண், துணிக்கொடி கூடாது. முக்கியமாக, குளியலறை வெண்டிலேட்டருக்கு நேர் கீழே மாட்டாதீர்கள். மேலே போகும் புகை அப்படியே உள்ளே நுழையும். வெளியே மாட்டிய பலன் போச்சு.

தண்ணீர் அழுத்தம் போதாவிட்டால் கீசர் பற்றவே பற்றாது. தண்ணீர் தள்ளினால்தான் உள்ளே டயஃப்ரம் என்னும் ரப்பர்ச் சவ்வு எழும்பும், ஸ்விட்ச் விழும், பேட்டரியிலிருந்து பொறி வரும். மாடி டேங்கின் அடி கீசரைவிட எட்டுப் பத்தடியாவது உயரத்தில் இருக்கட்டும். மேல்மாடி வீட்டில் "டிக் டிக்" சத்தமே இல்லையென்றால் பேட்டரியை மட்டும் திட்டாதீர்கள். சுடுதண்ணீருக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் வளைந்துபோகும், சூடு தாங்கும் சி.பி.வி.சி. போடச் சொல்லுங்கள்.

கேஸ் பக்கம்: வீட்டு ரெகுலேட்டர்தான். டீக்கடை அடுப்புக்குப் போடும் திருகு ரெகுலேட்டர் அழுத்தம் அதிகம். தீ பெட்டிக்கு வெளியே நாக்கு நீட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு டியூப், ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். சுவரைத் துளைத்து டியூபை நுழைக்கவே கூடாது. அந்த இடத்தில் செம்புக் குழாய். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கட்டும், பள்ளத்தில் வேண்டாம். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், தாழ்ந்த இடத்தில் தேங்கும்.

மாட்டி முடித்தவரை உடனே அனுப்பிவிடாதீர்கள். இணைப்புகள்மேல் சோப்பு நுரை பூசச் சொல்லுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்ப்பவரை வாசலோடு அனுப்புங்கள். பிறகு கேஸைத் திறக்காமல் தண்ணீரை ஓடவிட்டுக் குழாயில் உள்ள காற்று, மண் போகட்டும். அடுத்து பேட்டரி செல் போட்டு, கேஸைத் திறந்து பற்றவையுங்கள். டியூபில் காற்று இருப்பதால் முதலில் இரண்டு மூன்று முறை தவறும். அதற்கு மேலும் பற்றாவிட்டால் மூடி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி. இல்லாவிட்டால் தேங்கிய கேஸ் "டப்"பென்று பிடிக்கும்.

தீ நீலமாக நிற்க வேண்டும். மஞ்சள் நுனி ஆடினால் கரி பிடிக்கப்போகிறது என்று அர்த்தம். தண்ணீரை மூடுங்கள், ஓரிரு நொடியில் தீ அணைய வேண்டும். மறுபடி எரியவிட்டு செல்லைக் கழற்றுங்கள், அப்போதும் அணைய வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். சமையலறை சிலிண்டரையே பங்கு போட்டிருந்தால், அடுப்பு எல்லாவற்றையும் எரியவிட்டுக் கீசரையும் போட்டுப் பாருங்கள், தீ சுருங்குகிறதா என்று.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிறதென்று விரல் காட்டுகிறார்கள். பராமரிப்பைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். தண்ணீர் நுழையும் இடத்துச் சல்லடையை அவ்வப்போது கழுவுங்கள். உப்புத் தண்ணீர் ஊரென்றால் செம்புச் சுருளில் படியும் உப்பை வருடம் ஒருமுறை ஆளை வைத்து எடுங்கள், கரியையும் சேர்த்து. டியூபில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியிலிருந்து ஐந்து வருடம் ஆனால் மாற்றுங்கள், பார்க்கப் புதிதாக இருந்தாலும். நேரம் முடிந்தது. வணக்கம்.