கரிசலில் கட்டும் வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

பல்லடம், சூலூர், உடுமலைப் பக்கம் காலனிகளுக்குப் போனால், அரசுப் பணத்தில் கட்டிய வீடுகளில் ஒரு விரிசல் கண்ணில் படும். ஜன்னல் மூலையில் தொடங்கிச் சாய்வாகச் சுவரில் ஏறும். ‘மேஸ்திரி ஏமாத்திட்டாருங்க’ என்பார்கள். சில இடத்தில் அப்படியும் இருக்கலாம். ஆனால் நாம் முதலில் பார்க்க வேண்டியது தரைக்குக் கீழே இருக்கும் மண்ணை.

கரிசல் மழைக்கு ஊதும், கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கும் சோளத்துக்கும் அருமையான மண்தான். ஆனால் அதில் இரண்டடிக்குக் கடைக்கால் தோண்டிச் சுவர் எழுப்பினால், மண்ணோடு சேர்ந்து சுவரும் ஏறி இறங்கும். கெட்டியான செம்மண்ணில் இந்தச் சங்கடம் இல்லை.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். குடிசையில் நனைந்து கிடந்தவர்களுக்குக் கான்கிரீட் கூரை கிடைக்கிறது, மனமார வரவேற்கிறேன். ஆனால் செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் ஒரே தொகை! அதுவும் வேலை நடக்க நடக்கத்தான் தவணையாக வரும். பண்ணையத்தில் கூலிக்குப் போகும் குடும்பம் கடைக்காலையே கடன் வாங்கித்தான் போட வேண்டியிருக்கிறது. வட்டிக்குப் பயந்தவர்கள் எதைக் குறைப்பார்கள்? மண்ணுக்குள் மறைந்துபோகும் ஆழத்தைத்தான். பட்டாவே இல்லாதவர்கள் பாடு தனி, அதை இன்னொரு நாள் பேச வேண்டும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே அண்டர் ரீம்டு பைல் முறையை உருவாக்கியது. பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்துக்குத் துளை போட்டு, அடிப்பக்கத்தைக் குடம்போல் அகலப்படுத்தி, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புவார்கள். இந்தக் கால்களைப் பெல்ட் கான்கிரீட்டால் இணைத்து அதன்மேல் சுவர் வைப்பார்கள். மேல்மண் ஊதினாலும் சுருங்கினாலும் வீட்டை அசைக்காது. ஒரே தெருவில் பத்து வீடு சேர்ந்தாற்போல் கட்டினால் கருவியையும் ஆளையும் ஒரே தடவை வரவழைக்கலாம்.

ஏற்கெனவே கட்டியவர்கள், குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் சுவரோரம் ஊறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடிக்குச் சரிவாகத் தளம் போடுங்கள். விரிசலில் சிமென்ட் பூசினால் மட்டும் போதாது.

அப்புறம், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கிராம சபை கூடுகிறது. கரிசல் பூமி ஊராட்சிகள் எல்லாம் இரண்டு தீர்மானம் போடுங்கள்: கடைக்காலுக்குத் தனித்தொகை வேண்டும்; முதல் தவணை, வேலை தொடங்கும்போதே கைக்கு வர வேண்டும். வேலை தொடங்கும் முன் ஒன்றியப் பொறியாளரை மனைக்கு வரச்சொல்லி, குழி வெட்டி மண்ணைக் காட்டி ஆழத்தைக் கேட்டு வாங்குங்கள். வணக்கம்.