கைத்தடி பிடிக்க ஏன் வெட்கம்?

வணக்கம் உறவுகளே. திருகோணமலை டச் பே கடற்கரையில் இருந்து பேசுகிறேன், காற்று கொஞ்சம் இரையும், பொறுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் நோவோடு கோணேசர் கோயிலுக்கு எப்படி ஏறுகிறீர்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். தடி பிடித்துத்தான் ஏறுகிறேன். எங்கள் ஊரில் எழுபது தாண்டியவர்கள்கூட, நாலு பேர் பார்ப்பார்கள் என்று தடியைத் தொட மாட்டார்கள். முதலில் கோயில் நின்றுவிடும், அப்புறம் சந்தை, கலியாண வீடு, கடைசியில் முற்றத்துக்கு இறங்கவும் ஆள் வேண்டும். பார்க்க மனசு பதறுகிறது.

"நீங்கள் சும்மா இருங்கோ அம்மா, நாங்கள் செய்யிறம்" என்று பிள்ளைகள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் முழங்காலைத் தாங்குவதே தொடைத் தசைதான். வயது போகப் போக அது தானாக மெலியும், அசையாமல் இருந்தால் இன்னும் வேகமாக மெலியும், மெலிந்தால் மூட்டில் பாரம் கூடி நோவும் கூடும், நோகிறதே என்று மறுபடி படுத்துவிடுவோம். 65 தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், 3 நாளாவது விழாமல் நிற்கப் பழக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நான் செய்வது சின்ன வேலை. சுவரோடு ஒட்டிய மரக் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புவேன், மெல்ல மெல்ல இருப்பேன். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், வழுக்கிவிடும்.

சரி, தடிக்கு வருவோம். வலது முழங்கால் நோகிறதென்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பலர் நோகிற பக்கமே பிடிக்கிறார்கள், அதில் பலன் குறைவு. தடியும் நோகிற காலும் சேர்ந்து முன்னே போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் நோகிற காலும் முதலில். கோட்டை வாசலில் இருந்து கோயிலுக்குப் போகும் மேட்டுப் பாதையில் மான்கள் நிற்கிற இடங்களில் நின்று, மூச்சு வாங்கித்தான் போகிறேன். அவசரம் என்ன இருக்கிறது?

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். பல வருடச் சீனியில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு மத்தியான வெயிலில் கோயில் கல்லில் நடந்தால் சுடுவதே தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் தெரியும், அது ஆறாத புண்ணாகவும் மாறலாம். விடியப் போங்கள். வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் காலில் ஊற்ற முதல் முழங்கையால் சூடு பாருங்கள். அந்தத் தண்ணீர் முழங்காலுக்கு நல்ல இதம், எனக்கும் பிடிக்கும், ஆனால் தேய்ந்த மூட்டை அது திருப்பித் தராது.

பிரசர் குளிசை எடுப்பவர்கள் படுக்கையில் இருந்து சட்டென்று எழும்ப வேண்டாம். விளிம்பில் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்புங்கள். தலை சுற்றினால் கிளினிக்கில் சொல்லுங்கள், குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தடி வாங்கும்போது செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள், பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வர வேண்டும். அடியில் உள்ள ரப்பரை அடிக்கடி திருப்பிப் பாருங்கள், தேய்ந்திருந்தால் அதை மாற்றிய பிறகுதான் ஈரத் தரையில் நடக்க வேண்டும்.